யாளி செத்த பதினாறு பக்கம்

ஒரு சின்னச் சம்பவம் சொல்றேன், கேளுங்க. கதை மாதிரிதான் இருக்கும். ஆனா இதுல குத்தவாளி நான். முதல்லயே சொல்லிடறேன். அப்புறம், "என்னய்யா, கடைசியில வந்து ஒத்துக்கறே"ன்னு யாரும் கேக்கக் கூடாது பாருங்க.

சங்கரன்கோவில்ல எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம். இருபத்திமூணு பேர். செயலாளர் நான். அப்போ ‘உப்புத் தேசம்’னு ஒரு மாயக்கதைத் தொடர் வந்துக்கிட்டிருந்துச்சு. பட்டுக்கோட்டைல இருந்து வடிவாம்பாள்னு ஒரு அம்மா எழுதினாங்க. கொற்றின்னு ஒரு பொண்ணு... அவ ஏறிப் பறக்கற ஒரு பேசற யாளி... அஞ்சு பாகம் வந்தாச்சு. எங்க ஊர்ல அதுக்கு என்ன கிறுக்கு தெரியுமா? மருந்துக்கடை மைதீன் பாய் மாத்திரையை எண்ணிக்கிட்டே, "யாளிக்கு ரெக்கையில காயம் ஆறிடுமா சார்?"னு கேப்பாரு. கடையில நிக்கறவங்க, பாவம், யாருக்கோ உடம்பு சரியில்லன்னு நெனச்சுக்குவாங்க!

ஆறாவது பாகம் வந்துச்சு. வட்டத்துக்கு ஒரே ஒரு பிரதி. எங்க வழக்கம் என்னன்னா, புதுப் புத்தகத்தை முதல்ல செயலாளர் படிக்கணும். அட்டைக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாள் செருகி, அதுல தன் கருத்தை எழுதணும். அடுத்தவர் அதுக்குக் கீழ எழுதணும். இப்படியே இருபத்திமூணு பேரும். எல்லாரும் எழுதி முடிச்சதும், அந்தத் தாளை எழுத்தாளருக்கே தபால்ல அனுப்பிடுவோம்.

நான் படிச்சேன். பாதிப் புத்தகம் வரைக்கும் யாளி ஜம்முன்னு பறக்குது. அந்த அத்தியாயம் முடிஞ்சு எதிர்ப் பக்கத்துக்கு வர்றேன்... செத்துக் கிடக்குது. கொற்றி சிதைக்கு முன்னாடி நின்னு அழுவுறா. எப்படிச் செத்துச்சு? ஏன் செத்துச்சு? ஒரு வரி இல்ல! எனக்கு வந்துச்சே ஒரு கோவம்... எடுத்தேன் பேனாவை. "காரணமே இல்லாம யாளியைக் கொன்னுட்டாங்க. அம்மாவுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு." எழுதிட்டேன். நறுக்குன்னு கேட்டுட்டோம்னு மனசுக்குள்ள ஒரு திருப்தி வேற!

அடுத்து ஜெசிந்தா டீச்சர். அவங்க முதல்ல எதைப் படிச்சாங்க? கதையையா? என் கருத்தை! அப்புறம்தான் கதையை. "செயலாளர் சொல்வது சரி. அவசரம் தெரிகிறது." மைதீன் பாய் எழுதினாரு: "இத்தனை வருஷம் கூட வந்த யாளிங்க. அதை இப்படியா அனுப்புவாங்க? மனசு விட்டுப்போச்சு." பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன கொழுந்துவேல் ஒரே வரி: "இதோட நிறுத்திக்கலாம்." இருபத்திமூணு பேரு... ஒருத்தர் பாக்கியில்ல. தாளை மடிச்சேன், தபால்ல போட்டேன்.

இருபது நாள்ல பதில் வந்துச்சு. கூட்டத்துல நான்தான் நின்னு வாசிச்சேன்.

"அன்புள்ள வட்டத்தாருக்கு, என் அண்ணன் எட்டு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் யாளியின் கடைசி நாளாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு, காரணமே இல்லை என்கிறீர்கள். ஒருவர் சொன்னால் அவர் ரசனை என்று விட்டுவிடலாம். இருபத்திமூன்று பேரும் சொன்னால், எனக்கு எழுத வரவில்லை என்றுதான் அர்த்தம். ஏழாம் பாகத்தை நிறுத்திவிட்டேன். இதுவரை படித்ததற்கு நன்றி."

ஜெசிந்தா டீச்சர்தான் மெதுவா, "கடைசி நாளா? அப்படி ஒண்ணு நான் படிக்கவே இல்லையே சார்..."ன்னாங்க. புத்தகத்தை எடுத்தோம். அந்த இடத்தைப் பிரிச்சோம். இடது பக்கம் இருநூத்தி எட்டு. வலது பக்கம்... இருநூத்தி இருபத்தஞ்சு.

அச்சகத்துல பதினாறு பதினாறு பக்கமா மடிச்சு, அடுக்கி, தைப்பாங்க. எங்களுக்கு வந்த பிரதியில ஒரு மடிப்பு விட்டுப்போயிருக்கு. அவ்வளவுதான் விஷயம். இருபத்திமூணு பேர் கையில போய் வந்த புத்தகம், ஒருத்தர்கூட பக்க எண்ணைப் பாக்கல. ஏன் பாக்கல? அதான் நான் முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதி வச்சுட்டேனே! அதுக்கப்புறம் யார் விசாரிப்பா?

மறுநாளே பஸ் ஏறினேன். மதுரையில இறங்கி நல்ல பிரதி ஒண்ணு வாங்கிக்கிட்டேன். பட்டுக்கோட்டை போற வழியில அந்தப் பதினாறு பக்கத்தைப் படிச்சேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், யாராவது தவறிட்டாங்களா?"ன்னு கேக்கற அளவுக்கு அழுதேன்யா.

அந்த அம்மா வீட்டுல, ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சேன். "அம்மா, தப்பு எங்களோடது. என்னோடது. மன்னிச்சுக்கோங்க. ஏழாவது பாகத்தை எழுதுங்கம்மா"ன்னேன். அவங்க அந்தப் பக்க எண்ணையே பாத்துக்கிட்டிருந்தாங்க. திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "புரியுது சார். ஆனா எழுத உட்கார்ந்தா கொற்றி வரமாட்டேங்கறா... உங்க தாள்தான் முன்னாடி வந்து நிக்குது"ன்னாங்க.

அஞ்சு வருஷம் ஆச்சு. ஏழாவது பாகம் வரல.

ஏன் இதைச் சொல்றேன்? அய்யா, அம்மா... புத்தகத்துக்காவது பக்க எண் போட்டிருக்கான். மனுஷனுக்கு? நேத்து வரைக்கும் சிரிச்சுப் பேசின தம்பி, இன்னிக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான். உடனே என்ன சொல்றோம்? "அவனுக்குத் தலைக்கனம்!" ஒருத்தர் சொன்னாப் போதும், தெருவே சொல்லும். நடுவுல அவனுக்கு என்ன நடந்துச்சு? கேட்டமா? நம்ம கையில இருக்கறது முழுசான்னு ஒரு தடவை புரட்டிப் பாத்தமா? அதுலயும் முதல்ல வாயைத் திறக்கற ஆள் நீங்கன்னா, ரொம்ப ஜாக்கிரதை. பின்னாடி வர்றவங்க உங்க கண்ணை வச்சுத்தான் பாப்பாங்க.

"எனக்குப் புரியலம்மா, யாளி எப்படிச் செத்துச்சு?" இப்படி ஒரு கேள்வியை நான் அந்தத் தாள்ல எழுதியிருந்தா, அந்த அம்மா ஒரு கார்டுல பதில் போட்டிருப்பாங்க. ஏழாவது பாகம் இன்னிக்கு உங்க கையில இருந்திருக்கும்.