குடமிளகாய்க்குப் பேர் வெச்சவங்க

மெதுவாப் பேசுங்க சார், பசங்க தூங்குற நேரம். அடுப்புக்குப் பக்கத்துல அந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன், இன்னைக்குப் பசங்களுக்குப் போட்டதுதான். சாப்பிட்டுக்கிட்டே விசாரிங்க. நானா? எனக்கு வேணாம் சார். மூணு மாசமா மத்தியானத்துல பசிக்கிறதேயில்ல.

நோட்டுதானே, இந்தாங்க. தினமும் பசங்க தட்டுல மிஞ்சறத வழிச்சு இந்த மெஷின்ல எடை போட்டு எழுதணும். ஜூலைலேர்ந்து பாருங்க, சைபர், சைபர், சைபர். எங்கயாவது அடிச்சுத் திருத்தியிருக்கா? ஒன்பதாவதோட நின்னவ சார் நான், பொய் எழுதுற அளவுக்கெல்லாம் படிக்கல.

உங்க வார்டு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்களாமே, மிச்சம் வைக்காத குழந்தைங்க காப்பகத்துக்கு மட்டும்தான் சமையலறையாம், மத்ததுக்கெல்லாம் கம்பெனிலேர்ந்து டப்பா சாப்பாடாம். எனக்கு அம்பத்தி மூணு முடியப் போகுது. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எந்த அடுப்படில போய் நிப்பேன், சொல்லுங்க.

எதுக்குக் குடமிளகாயா? அது எங்க பெரிய டீச்சர், நிஷிமோரி டீச்சரோட யோசன. எந்தக் குழந்தைக்குத்தான் அது பிடிக்கும். அதுங்களே நட்டு வளத்தா பாசம் வந்துரும், பாசம் வந்தா சாப்பிட்டுரும்னாங்க. ஆளுக்கொரு தொட்டி, தொட்டிக்கொரு பேரு. மோமோ, குமாகிச்சி, புல்லட் ரயிலு. ஒரு வாலு, நிஷிமோரி டீச்சர்னே வெச்சிருச்சு. அந்தம்மாவுக்குப் பெருமை தாங்கல, தொட்டியக் கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்து வாசல்ல ஒட்டினாங்க.

பாசம் வராம என்ன, நல்லாவே வந்துச்சு. காலைல வந்ததும் செடிக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லும்ங்க. மழ வந்தா குட பிடிக்கும்ங்க.

அறுவட அன்னைக்கு அந்தம்மா வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சாப்பிடறதுக்கு முன்னாடி கைகூப்பி, வாங்கிக்கிறோம்னு சொல்றமே, எத வாங்கிக்கிறோம் தெரியுமா, அதோட உயிர, அப்படின்னு கண்ணு கலங்க விளக்கம். நான் அப்பத்தான் வதக்கி, மேல காஞ்ச மீன் சீவல் தூவி, தூக்கிட்டு வரேன். யுசுகின்னு நாலு வயசுப் பொண்ணு. தட்டப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு. இதுல குமாகிச்சி எதுன்னு கேட்டுச்சு.

அப்புறமென்ன, இருபத்திரண்டும் ஒரே அழுக. புதைக்கணும்னுதுங்க, புதைச்சோம். நிஷிமோரி டீச்சர்ங்கிற செடிக் காயப் புதைக்கிறப்ப, நிஷிமோரி டீச்சரே பக்கத்துல தலகுனிஞ்சு நின்னாங்க. நான் சிரிக்கல சார், சத்தியமா. உள்ள வந்து பாத்திரம் தேய்க்கிறப்பத்தான் சிரிச்சேன்.

ஆனா செடிக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குத் தினம் காய்க்குது. காய்ச்சதச் சமைச்சே ஆகணும்னு திட்டத்துல எழுதியிருக்கு. சமைக்கிறேன். புதைச்ச அன்னைக்கு மட்டும்தான் மிச்சம், மறுநாள்லேர்ந்து சைபர். எப்படி மாறுச்சுன்னு டீச்சர் கேக்கல, கொள்கை ஜெயிச்சிருச்சுன்னு கட்டுர எழுதி அனுப்பிட்டாங்க. அதப் படிச்சிட்டுத்தானே நீங்க வந்திருக்கீங்க. அடுத்த வருஷம் பாகற்காயாம். அத நெனச்சா இப்பவே நாக்கு கசக்குது.

கிளம்பிட்டீங்களா? தட்ட நீங்க எதுக்குக் கழுவறீங்க, குடுங்க இங்க.

ஓரத்துல குடமிளகாய ஏழு துண்டு ஒதுக்கி வெச்சிருக்கீங்களே சார். அட, இதுக்குப் போய் ஏன் தலையக் குனியறீங்க. சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காதா? எனக்கும்தான். ஐயோ, அந்தக் கூடைல போட்டுறாதீங்க, இந்தத் தட்டும் கணக்குல வரும். பசங்க தட்டு இருபத்திரண்டையும் முடிச்சிட்டுத்தான் உங்களுக்குக் கதவத் திறந்தேன், இந்த ஏழு துண்டு என்ன பண்ணிறப் போகுது. கொஞ்சம் இருங்க, முழுங்கிக்கிறேன்.

ம். இப்ப மெஷினப் பாருங்க. சைபர். எழுதிக்கோங்க.