ஷட்டரை இறக்கியவள்

ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. நாள் முழுக்க நின்றபடியே இஸ்திரி போடுகிறவளுக்கு உட்காரக் கிடைப்பதே பெரிய விஷயம். நீங்கள் எழுதுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் மகனுக்குப் பதினேழு வயது. தங்கமான பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். போன வருஷம் எங்கள் தெருக் கும்பலோடு சேர்ந்தான். அதற்குத் தலைவன் சுருட்டை. அவனுக்கே இருபது வயதுதான். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கும்பல், இரண்டுக்கும் ஆகாது. ஒருநாள் மகனின் சட்டையில் ரத்தக்கறை. லாண்டரிக்காரியிடம் மறைக்க முடியுமா? பச்சைத் தண்ணீரில் அலசினேன், போய்விட்டது.

சமுதாயக் கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு ஓர் ஆலோசகர் அம்மா பேசினார். "பிள்ளைங்களத் திட்டாதீங்க. ஏன் அங்க போறாங்கன்னு பாருங்க. வேரைக் கண்டுபிடிங்க" என்றார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் வீட்டுக்குப் போய் மகனிடம் கேட்டேன்.

"சுருட்டை அண்ணன் என்னை மதிக்கறாரும்மா. வேற யாரு மதிக்கறா?"

வேர் கிடைத்துவிட்டது.

சுருட்டையும் கெட்டவன் இல்லை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். தன் அக்கா கல்யாணத்துக்குப் போட வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தான்.

"நாலு மணிக்கு வா. பட்டாளத்தை இழுத்துட்டு வராத, கடை சின்னது" என்றேன்.

"சரி அத்தை, தனியாவே வரேன்" என்று சிரித்தான்.

மத்தியானம் பாலத்தைத் தாண்டி நடந்தேன். அங்கே பஞ்சர் கடை வாசலில் நாலு பையன்கள். சுருட்டை தனியாக வரும் நேரத்தை அவர்களிடம் சொன்னேன், அவ்வளவுதான். வெயிலில் வந்திருக்கிறேன் என்று ஒருவன் ஸ்டூல் எடுத்துப் போட்டான். யார் வளர்த்த பிள்ளையோ.

சுருட்டை நாலு மணிக்கு டாண் என்று வந்தான். சட்டையைப் பார்த்து, "பிரமாதம் அத்தை" என்றான். எதிர்க்கடைக் கேமராவில் ஷட்டர் இறங்குவது தெரிகிறது என்றீர்கள். ஆமாம், அவன் படியிறங்கியதும் உள்ளேயிருந்து இறக்கியது நான்தான். தட்டினான். அத்தை, அத்தை என்று மூன்று தடவை கூப்பிட்டான், நாலாவது தடவை கூப்பிட அவன் இல்லை. எனக்குப் போர்வைகள் மடிக்கக் கிடந்தன.

யோசனை பலித்துவிட்டது, ஐயா. அடுத்தவன் பின்னால் அலைந்த என் மகன் இப்போது சொந்தக் காலில் நிற்கிறான். வராந்தாவில் பாருங்கள். நான் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துத் துணைக்கு வந்திருக்கிறான். கூடவே பத்துப் பையன்கள். அவன் உட்காரும்வரை ஒருத்தனும் உட்காரவில்லை. வாய் நிறைய அண்ணன் என்கிறார்கள்.

முன்பெல்லாம் என்னிடம் முகம் கொடுத்தே பேசமாட்டான். இன்று காலை பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு வந்தவங்க யாருன்னு உனக்குத் தெரியும்தானே? எனக்கு மட்டும் சொல்லும்மா" என்றான். எத்தனை நாளாயிற்று அவன் அப்படிக் கேட்டு. பஞ்சர் கடைப் பையன்கள் நாலு பேரின் அடையாளத்தையும் சொன்னேன்.

பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன், ஐயா. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.