உருளை அம்மா காணாமல் போகவில்லை

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை எழுத்தர் கேட்டபடி முதல் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தொன்பது. ஒரு மருத்துவமனையின் விசாரணை மேசையில் வேலை பார்த்து வருகிறேன். கணவர் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் மேலாளர். மகள் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்கிறாள். நாங்கள் மூவரும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மேல்மாடியில் வசித்து வருகிறோம். என்னைக் காணவில்லை என்று நேற்று என் கணவர் இந்த நிலையத்தில் கொடுத்த புகாரைப் பற்றியும், அதன் பேரில் இன்று காலை முதல் இங்கே உட்கார வைக்கப்பட்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. ரத்தம் எங்கே கொடுப்பது, எலும்பு டாக்டர் வந்துவிட்டாரா, கழிப்பறை எந்தப் பக்கம் என்று மேசைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் என் நீலச் சட்டை எங்கே, சார்ஜர் எங்கே, கேஸ் எப்போது தீரும் என்பதற்கும் நான்தான் பதில் சொல்வேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணவர் என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, கடிந்து பேசியதும் குறைவு. ஆய்வாளர் முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு மழைக் காலத்தில் ஒரு பூனை குளியலறை ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. உருண்டையாக, மண் நிறத்தில் இருந்ததால் மகள் அதற்கு உருளை என்று பெயர் வைத்தாள். வந்த புதிதில் அது எதையும் சாப்பிடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, பூனை வளர்ப்பவர்கள் இணையத்தில் நடத்தும் குழு ஒன்றில் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். சமையலறையில் வைத்திருக்கும் டேப்லெட்டில்தான் அதைப் பார்ப்பேன், போனில் பார்ப்பதில்லை. அந்தக் குழுவில் யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை, அவரவர் பூனையின் பெயரை வைத்தே அழைத்துக்கொள்வோம். அப்படித்தான் நான் உருளை அம்மா. மேற்படி லிஃப்ட் மெக்கானிக் மிளகு அப்பா. மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார் பஞ்சு அக்கா. மிளகு, பஞ்சு, உருளை ஆகிய மூன்றும் குழந்தைகள் என்று இன்று காலை நிலையத்தில் கருதப்பட்டதாக அறிகிறேன். மூன்றும் பூனைகள். குழந்தைகள் யாரும் இதில் சம்பந்தப்படவில்லை.

உருளை சாப்பிடத் தொடங்கிய பிறகும் நான் அந்தக் குழுவை விட்டு விலகவில்லை. அதற்குக் காரணம் கேள்விகள். தினமும் மாலையில் ஒருவர் முறை வைத்து ஒரு கேள்வி கேட்பார், மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். உங்கள் பூனைக்குப் பேச்சு வந்தால் உங்களைப் பற்றி முதலில் என்ன புகார் சொல்லும், கடைசியாக எப்போது வயிறு வலிக்கச் சிரித்தீர்கள், உங்கள் கையெழுத்து யாருடைய கையெழுத்து மாதிரி இருக்கிறது, இப்படிப்பட்ட கேள்விகள். முதல் சில வாரம் படித்துவிட்டு மூடிவிடுவேன். அதன் பிறகு ஒரு நாள், உங்களைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன விஷயம் சொல்லுங்கள் என்று பஞ்சு அக்கா கேட்டிருந்தார். மருத்துவமனை லிஃப்டில் தனியாகப் போகும்போது வாய்விட்டுப் பாடுவேன் என்று எழுதினேன். அதற்கு மிளகு அப்பா, “லிஃப்டுக்குள்ள பாடறவங்க நிறையப் பேருங்க. மேல உக்காந்து வேலை பாக்கறப்ப கேட்டிருக்கேன். கதவு திறந்ததும் எல்லாரும் இருமுவாங்க” என்று எழுதினார். நானும் இருமுவேன் என்பதால் வெகுநேரம் சிரித்தேன். அவர் தொழில் இன்னதென்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அவருக்கும் எனக்கும் வேறு விதமான பழக்கம் ஏதும் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. அவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது, மனைவி காலமாகிவிட்டார் என்பதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் தெரிந்ததே. தனியாக அவருக்கு நான் எழுதியதும் இல்லை, அவர் எனக்கு எழுதியதும் இல்லை. இன்று மாலை வரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவருடைய பூனையின் முகம் நன்றாகத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் அவர் முறை வந்தபோது, உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் உங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, கிடைத்த பதிலை இங்கே எழுதுங்கள் என்றார். அன்று நான் கணவரிடம், “எனக்கு ரெண்டு நாள் லீவு கிடைச்சா என்ன பண்ணுவேன்னு நினைக்கறீங்க?” என்று கேட்டேன். அவர் டி.வி.யைப் பார்த்தபடியே, “பீரோவை ஒழுங்கு பண்ணுவே” என்றார். அதை அப்படியே குழுவில் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு மிளகு அப்பா மட்டும், “பீரோ கிடக்கட்டும். நெஜமா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். பாத்திரம் முழுவதையும் கழுவி முடித்து, அடுப்பைத் துடைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுதினேன். கடல் பக்கத்தில் ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் கலங்கரை விளக்கம் தெரிய வேண்டும், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது என்று எழுதினேன். கலங்கரை விளக்கம் வந்தது எப்படியென்றால், என் மேசைக்கு எதிர்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்தப் படம் இருக்கிறது, அதையும் குழுவில் சொல்லியிருந்தேன். எந்த ஊர் என்று அதன் கீழேயே அச்சாகியிருக்கும்.

இந்த மாதம், எடுக்காத விடுப்பு வீணாகிவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அதற்கு முந்தைய நாள் குழுவில், கிளம்பட்டுமா என்று மட்டும் கேட்டேன். மிளகு அப்பா எழுதிய பதில்தான் வழக்குக்குக் காரணம் என்பதால் அதை முழுவதும் சொல்கிறேன். “வீட்டுல சொன்னா ஆளுக்கொரு வேலை குடுப்பாங்க. சத்தம் போடாம கிளம்புங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.” மிச்சம் என்றால் என்ன என்று கேட்கப்பட்டது. நேற்று குழுவில் கேள்வி கேட்க வேண்டியது என் முறை. எனக்குப் பதிலாக அவர் கேட்பார் என்பதுதான் மிச்சம்.

நேற்றுக் காலை கணவர் வேலைக்குப் போன பிறகு ஒரு பையில் மாற்றுத் துணியும் பல் துலக்கியும் எடுத்துக்கொண்டேன். உருளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்தேன். மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அறை வாசலில் நின்று, “ஒரு இடத்துக்குப் போறேன், நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்” என்றேன். அவள் திரும்பாமல் “சரிம்மா” என்றாள். அவள் காதில் விழவில்லை என்பது எனக்கு அப்போதே ஓரளவு தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை சொல்லவில்லை.

அதன் பிறகு பேருந்தில் ஏறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். மதியம் அந்த ஊரில் இறங்கி, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். சுவரில் ஈரம் பூத்திருந்தது, மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது, படுக்கை விரிப்பு சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், பாதிக் கலங்கரை விளக்கம் தெரிந்தது, மீதியை ஒரு தண்ணீர்த் தொட்டி மறைத்திருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன். மாலையில் எழுந்து கடற்கரையில் நடந்தேன், யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை. திரும்பி வந்து மறுபடியும் தூங்கினேன்.

அதே நேரத்தில் இங்கே நடந்தவை நான் நேரில் பார்த்தவை அல்ல, கணவரும் மகளும் பஞ்சு அக்காவும் சொல்லித் தெரிந்துகொண்டவை. மாலையில் கணவர் வந்து பார்த்தபோது வீட்டில் நான் இல்லை, என் போனும் அணைந்திருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்ததில் விடுப்பு என்றார்கள். அதன் பிறகு அவர் டேப்லெட்டைத் திறந்து, மேலே சொன்ன பதிலைப் படித்துவிட்டு, அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்திருக்கிறார். குழுவில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் இருப்பதால், இன்று காலை ஒரு கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மிளகு அப்பாவைக் கண்டுபிடித்து அழைத்து வந்திருக்கிறார்கள். மிளகு எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, “இந்நேரம் ஃபிரிட்ஜ் மேல தூங்கிட்டு இருக்கும்” என்று அவர் சொன்னதாகவும், அதனால் அதிகாரிக்குக் கோபம் வந்ததாகவும் தெரிகிறது. அவரை யாரும் அடிக்கவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். நான் எங்கே போனேன் என்பது அவருக்குத் தெரியாது, தெரியாது என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு காணாமல் போனவரின் அடையாளங்களைச் சொல்லும்படி கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். நடுத்தர உயரம் என்று சொல்லியிருக்கிறார். மச்சம், தழும்பு ஏதாவது உண்டா, வழக்கமாக எங்கே போவார், மனசு சரியில்லை என்றால் யாரிடம் பேசுவார் என்று கேட்டதற்கெல்லாம், தெரியவில்லை என்றிருக்கிறார். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர், “தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுச் சொல்லுங்க சார்” என்றிருக்கிறார். கணவர் பெஞ்சின் ஓரமாகப் போய் உட்கார்ந்து, குழுவில் தானே எழுதினார். அதை நான் பிறகு படித்தேன். “நான் உருளை அம்மாவோட வீட்டுக்காரர். அவளைக் காணோம். அவ எங்க போயிருப்பான்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?”

பதில்கள் வரிசையாக வந்தன. எண்ணெய் பட்டு இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு, பேருந்தில் ஜன்னலோரம்தான் உட்காருவார், தூரத்தில் இருப்பது தெரியாது, ஆனாலும் வெளியே போகும்போது கண்ணாடி போட மாட்டார் என்று முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். கணவர் ஒவ்வொன்றாகப் படிக்க, பெண் காவலர் எழுதிக்கொண்டார். பஞ்சு அக்காதான் கலங்கரை விளக்கத்தை ஞாபகப்படுத்தினார். அதோடு விடாமல், நாள்காட்டியில் அச்சாகியிருந்த ஊர்ப் பெயரை என் மருத்துவமனையில் கேட்டு வாங்கி, மருந்துக்கடையில் இருந்தபடியே அந்த ஊர் விடுதிகளுக்குப் போன் போட்டார். ஒரு விடுதிக்காரர், “ஒரு அம்மா வந்தாங்க. வந்ததுலேருந்து தூங்கிட்டே இருக்காங்க” என்று சொல்ல, அது நானேதான் என்று பஞ்சு அக்கா முடிவு செய்துவிட்டார்.

விடுதிக்காரர் கதவைத் தட்டியபோது நான் கிளம்புவதற்காகத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வரவேற்பறைப் போனில் பஞ்சு அக்காவின் குரலை முதல் தடவையாகக் கேட்டேன். “உருளை அம்மாவா? நல்லா இருக்கீங்களா?” என்றார். நல்லா இருக்கேன் என்றேன். அதன் பிறகு, “மிளகு அப்பாவ ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க, சீக்கிரம் வாங்க” என்றார். அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து, வந்துகொண்டிருக்கிறேன், அந்த மனிதர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்தேன். வழி நெடுக உட்கார முடியாமல் ஓட்டுநருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு வந்தேன்.

மாலையில் நிலையத்துக்கு வந்தபோது கணவர் தலைக்கவசத்தைக் கையில் மாட்டியபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வைக்க இடம் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். “சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல” என்றார். சொன்னேன் என்றேன். மகள், “என்கிட்டதான்பா சொன்னாங்க போல. நான்தான் கேக்கல” என்று சொல்லிவிட்டு அழுதாள். காதில் விழாத மாதிரி சொன்னது என் தப்பு என்று நான் அவளிடம் சொன்னேன். கணவர் வேறு எதுவும் கேட்காமல் என் பையை வாங்கிக்கொண்டார்.

உள் அறையிலிருந்து மிளகு அப்பா வந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார், சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

“தூங்கினீங்களா?” என்றார்.

“தூங்கினேங்க.”

“அப்ப சரி” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அதற்குள் கணவர் முன்னால் வந்து, தப்பா நினைச்சுட்டேங்க என்று இரண்டு தடவை சொன்னார். அதற்கு அவர், பொண்டாட்டியைக் காணோம்னா யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்றும், காலையிலிருந்து மிளகு சாப்பிடவில்லை, அதுதான் கவலை என்றும் சொன்னார். உடனே கணவர், “வண்டியில உக்காருங்க, நான் கொண்டுபோய் விடறேன்” என்று சொல்லி, ஆய்வாளரிடம் அனுமதி பெற்று அவரை அழைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க உட்கார்ந்தேன். என்னை யாரும் கடத்தவில்லை, ஏமாற்றவில்லை, ஆசை காட்டவில்லை. மேற்படி லிஃப்ட் மெக்கானிக் மீது எனக்கோ என் குடும்பத்துக்கோ எந்தப் புகாரும் கிடையாது. கணவர் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கணவரிடமிருந்து போன் வந்தது. எழுத்தர் பேசச் சொன்னார். திரும்பி வர நேரமாகும் என்றார் கணவர். ஏன் என்று கேட்டேன்.

“சாப்பிட்டுட்டு மடியில ஏறிப் படுத்துடுச்சு. எழுப்ப மனசு வரல” என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இவரு வேற டீயைக் குடுத்துட்டு என்னென்னவோ கேள்வி கேக்கறாரு” என்றார்.

“என்ன கேட்டாரு?”

“வீட்டுக்கு வந்து சொல்றேன்” என்றார். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டேன், எல்லாம் நடந்தவையே, கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை என்று உறுதி கூறிக் கீழே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)