நிறுத்தப்பட்டவர்

எழுத்துப்பிழை விடுகிற ஆள் நானில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கந்தோரில் மொழிபெயர்ப்பு எழுதுவினைஞனாக இருக்கிறேன். லகர ளகரத்தில் என்னைப் பிடித்தவர் இதுவரை எவருமில்லை. ஆகவே அந்தக் கடிதத்தில் 'இடை' என்ற இரண்டு எழுத்துகள் தவறிப்போய்விட்டன என்று உங்கள் அறிக்கையில் எழுதினீர்களானால் எனக்கு மனவருத்தமாக இருக்கும். அவை தவறவில்லை. நான்தான் எடுத்தேன்.

என் பெயர் வின்சன்ட், ஊர் பள்ளிமுனை. சிங்களம் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. சிறுவயதில் நீர்கொழும்பிலிருந்து பருவத்துக்கு வந்து எங்கள் கரையில் வாடி என்கிற ஓலைக்குடில் போட்டுத் தங்கிய மீனவர்களிடம்தான் படித்தேன். என் சிங்களத்தில் மீன்வாடை அடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அடிக்கட்டும். கொழும்பிலிருந்து வருகிற கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். எங்கள் கந்தோரில் அதை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அரசாங்கம் என்ன சொல்கிறது என்பதை நான் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். சின்ன உத்தியோகம்தான், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, சண்டை முடிந்து முகாம்களிலிருந்து சனம் திரும்பிவந்து தகரக் கொட்டில்களில் இருந்த காலம். நித்திரை வராதவர்களும் சோறு இறங்காதவர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுக்காகச் சுகாதாரத் திட்டத்துக்கு உளவள ஆலோசகராக வந்தவர் ரொபின்சன். கிராமம் கிராமமாகப் போய்ச் சனத்தின் மனக்கவலையைக் கேட்பது அவருடைய வேலை. கெட்டிக்காரர். எதிரே இருந்து ஐந்து நிமிடம் தலையை ஆட்டினாரென்றால் ஊமையும் பேசத் தொடங்கும்.

வியாழக்கிழமைகளில் அறிக்கை கொடுக்கக் கந்தோருக்கு வருவார். வந்தால் என் மேசைக்கு முன்னுள்ள கதிரையில்தான் இருப்பார். இரண்டு பிளேன்ரீயும் மீன் வைத்த இரண்டு மாலுபாணும் எடுப்பிப்பேன். அந்தக் கிழமை கேட்டதையெல்லாம் அவர் சொல்வார். முதலில் பெயர் இல்லாமல்தான் சொன்னார். ஆளைத் தெரியாவிட்டால் எனக்குக் கதை விளங்காது என்று நான் கேட்டுக்கொண்ட பிறகு பெயரோடு சொன்னார். நான் வம்பளக்கிறவன் அல்ல, மனிதரில் அக்கறை உள்ளவன். எங்கள் பங்குச் சாமியாரும்தான் கிழமைக்கு நூறு பேரின் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடிந்ததா? ரொபின்சன் அப்படியல்ல, தாராள மனம்.

ஆடி மாதத்தில் உங்கள் ஆலோசகர் பதிவுச் சபையின் கடிதம் வந்தது. தன்னிடம் வந்தவர்களின் அந்தரங்கத்தை வெளியே சொன்னதற்காக ரொபின்சன்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும், பொதுச் சுகாதாரத் திட்டங்களில் அவர் இரண்டு வருடங்களுக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளார் என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல கடிதம். வசனங்கள் கொஞ்சம் நீளம்.

நான் யோசித்தேன். இவரும் போய்விட்டால் இந்தச் சனத்துக்கு யார் இருக்கிறார்கள்? சனத்தை நினைத்துத்தான் செய்தேன், என் வியாழக்கிழமைகளை நினைத்து அல்ல. தமிழில் எழுதும்போது 'இடைநிறுத்தப்பட்டுள்ளார்' என்பதில் 'இடை'யை எடுத்துவிட்டேன். காரணம் சொல்லியிருந்த பந்தியை 'விபரம் இணைப்பில்' என்று சுருக்கினேன். இணைப்பும் ரொபின்சனுக்கான பிரதியும் என் மேசை லாச்சிக்குள் கிடந்தன.

திட்டத்துக்குப் பொறுப்பான டொக்டர் சோபனா தமிழை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன வின்சன்ட் அண்ணை, ரெண்டு வருஷத்துக்கு இவரையே எங்களுக்கு நிப்பாட்டியிருக்கினமோ?”

“ஓம் டொக்டர், நிப்பாட்டித்தான் இருக்கினம்.”

“நல்லதாப் போச்சு. இஞ்ச வாற ஆக்கள் ரெண்டு மாசத்தில இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஓடுகினம்.”

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்திக்குச் சந்தி படையினர் நிறுத்தப்பட்டிருந்த மாவட்டம் இது. நிறுத்தப்பட்டவர் என்று எழுதினால் காவலுக்கு நிற்கிறவர் நினைவுக்கு வருவாரே தவிர, வேலை போனவர் இங்கே யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார்.

பெரியமடுவில் சுபத்திரா என்றொரு பெண் இருந்தாள். கடைசிச் சண்டையில் கணவனை இழந்தவள். மாதக்கணக்காக வாய் திறக்காமல் இருந்தவள் அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் ரொபின்சனிடம் பேசத் தொடங்கினாள். அவளுடைய தம்பி துஷாந்தனை இயக்கம் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம் வைத்திருந்ததாம். முகாமில் பெயர் பதிந்தபோது அதை மறைத்துவிட்டார்கள். இப்போது அவன் வயல் செய்கிறான். ஒழுங்கையில் வாகனச் சத்தம் கேட்டால் அவளுக்கு நெஞ்சை அடைக்கிறது. இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் ஒழுங்காக நித்திரை கொண்டாளாம். ரொபின்சன் இதை எனக்குச் சொன்னபோது என் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது.

இரண்டு கிழமைக்குள் அந்த ஒழுங்கையில் வாகனம் வந்தது. “சின்ன விசாரணைதான், பின்னேரம் விட்டிடுவம்” என்று சொல்லித் துஷாந்தனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினான்கு மாதமாகிறது. எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

சுபத்திரா முறைப்பாடு எழுதுவிக்க என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

“ஐயா, நான் அவரிட்ட மட்டுந்தான் சொன்னனான். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவர். என்ர வாயாலதான் என்ர தம்பி போனவன்.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ தங்கச்சி. இருங்கோ, தண்ணி குடியுங்கோ.”

அவள் சொல்லச் சொல்ல நானே சிங்களத்தில் எழுதினேன். அந்த முறைப்பாடு மேசை மேசையாக ஏறி இறங்கி இப்போதுதான் உங்களிடம் வந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது என் எழுத்துத்தான். தெளிவாக இருக்கிறதல்லவா?

அதை வைத்து ரொபின்சன்தான் காட்டிக்கொடுத்தவர் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கும் அனுப்பிவிட்டீர்கள். அது நியாயமில்லை. அவர் அந்தக் கதையை என்னைத் தவிர வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த அளவில் நம்பிக்கையான மனிதர்.

மீள்குடியேற்றப் பட்டியல்களை எடுத்துப்போக இராணுவத்திலிருந்து ஒரு கோப்ரல் வருவார். சிலாபத்துக்காரர், அதுவும் மீன்பிடிக்கிற கரைதான். என் சிங்களத்தைக் கேட்டால் தன் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது என்பார். இந்தக் கந்தோரில் வேறு யார் என் சிங்களத்தைப் புகழ்ந்தார்கள்? எங்களுக்குள் எப்போதும் மீன்கதைதான் நடக்கும்: சூடை, பாரை, கும்பளா. எத்தனை நாளைக்குத்தான் மீனைப் பற்றியே பேசுவது? அன்று ஒரு மனிதக்கதை சொன்னேன். ஒரு தமக்கை தன் தம்பியில் எவ்வளவு பாசமாக இருக்கிறாள் என்பதற்காகத்தான் சொன்னேன். பெயரோடு சொன்னேன். கோப்ரல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஊரின் பெயரை இன்னொருமுறை கேட்டார். அவருக்கு உச்சரிப்பு வரவில்லை. எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ரொபின்சனை இங்கே வைத்திருந்தவன் நான். துஷாந்தனைச் சொல்லிக்கொடுத்தவனும் நான். கையொப்பம் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினால் வைத்துவிடுகிறேன்.

ஒரேயொரு விடயம் மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. சுபத்திரா இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். புதிதாக வந்த ஆலோசகரைக் கண்டாலே எழும்பி வயலுக்குள் போய்விடுகிறாளாம். எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டுப் பூட்டி வைப்பது உடம்புக்குக் கூடாது. அவளை என்னிடம் அனுப்பிவையுங்கள். எனக்கு இப்போது நேரமிருக்கிறது, பொறுமையாகக் கேட்பேன்.