ஈரத்தோடு கட்டிய புல்

ஹலோ... ஹலோ, நெஸ்டாவா?... நான்தான், எம்ரிஸ்... அண்ணன்தான் புள்ள, குரல் கூடவா மறந்து போச்சு?

இல்ல, இல்ல, யாரும் சாகலை. ஞாயித்துக்கிழமை இல்லாத நாள்ல கூப்பிட்டா யாராவது செத்திருக்கணுமா?... உன் அண்ணி ஆல்வென் நல்லாத்தான் இருக்கா. இதோ பக்கத்துலயே நிக்கறா, கோட்டைக் கூடக் கழட்டாம. ரெண்டு பேரும் இப்பத்தான் உள்ள வந்தோம்... ஆமா, மழைதான். வேல்ஸ்ல வேற என்ன இருக்கும்.

சரி, அதை விடு. பார்னி எங்க?... வெளியன்னா எங்க?... டீயைக் குடிச்சுட்டு எங்கயோ போனார்னா, அது ஒரு பதிலா? உன் புருஷன் எங்க போறான்னு உனக்குத் தெரியாதா... சரி, சரி, கோவிச்சுக்காதே. நான் ஒண்ணு கேக்கணும்...

என்னது, ரேடியோவா?... கேட்டேன், கேட்டேன். இந்தக் கோடை நாடு முழுக்க சராசரிதான்னு அந்தம்மா சொன்னாளே, அதைத்தானே சொல்றே? மழை சராசரி, வெயில் சராசரி, எல்லாமே சராசரி... உனக்குச் சிரிப்பு வருது. எனக்கு ரேடியோவைத் தூக்கி மாட்டுத் தொட்டியில போடலாம் போல இருந்துச்சு. கிழக்க, உங்க சஃபோக்ல பெய்ய வேண்டியதுல பாதி கூடப் பெய்யலை. இங்க ரெண்டு கோடைக்கு உண்டான மழை ஒரே கோடையில கொட்டித் தீர்த்துட்டு இருக்கு. வடக்க, ஸ்காட்லாந்துல, ஆல்வெனோட தங்கச்சி ஜூலை மாசத்துல கணப்பு மூட்டினாளாம். இத்தனையையும் ஒரே அண்டாவுல ஊத்திக் கலக்கி, ஒரு கரண்டி மொண்டு பார்த்து, சராசரின்னு சொல்லிட்டாங்க... ஆமா. ஆமா. அந்தச் சராசரிக்குள்ள நீயும் இல்ல, நானும் இல்ல.

குளம் எப்படி இருக்கு?... வாத்து நடந்து போகுதா... அடிமண்ணே வெடிச்சுப் போச்சா... கிணறு?... ம்... அப்போ குழாய்த் தண்ணி மட்டும்தான். அதுலயும் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாதுன்னு தடை... ம்... இல்ல, சும்மாதான் கேட்டேன்.

சும்மா இல்ல. நெஸ்டா, லைன் ஏன் இப்படிக் கரகரங்குது?... இன்னும் அந்தக் கம்பி உங்க கொட்டகை முகட்டு மேலதான் வருதா? மாத்தித் தர்றேன்னு சொன்னாங்களே... போன வருஷம் சொன்னதா. சரிதான். செல்போனும் எடுக்காது, இருக்கற கம்பியும் இப்படி. நல்ல ஊரைப் பார்த்துத்தான் வாக்கப்பட்டே.

இல்ல, விளையாட்டுக்குக் கூப்பிடலை. கொஞ்சம் பொறுமையா பதில் சொல்லு. நான் அனுப்பின புல்லு எங்க இருக்கு?... பெரிய கொட்டகையில. மொத்தமுமா?... முகடு வரைக்குமா? நடுவுல சந்து விட்டு அடுக்கச் சொல்லியிருந்தேனே... இடம் பத்தலை. சரி... உப்பு? ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல உப்பு தூவச் சொன்னேனே, அதைச் செஞ்சீங்களா?

...ஏன்?

மாட்டுக்குத் தாகம் எடுக்கும்னா... உப்புப் புல்லைத் தின்னா தண்ணி கேக்கும், தண்ணிக்கு எங்க போறதுன்னு... பார்னி சொன்னானா... ம். அவன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை... இல்ல புள்ள, நான் யாரையும் திட்டலை. ஆல்வென், நீ கொஞ்சம் சும்மா இரு, நான் சொல்லிக்கறேன்.

நெஸ்டா, இன்னைக்கு விடியக்காலையில கெத்தினோட கொட்டகை எரிஞ்சு போச்சு... பக்கத்துப் பண்ணை கெத்தின்தான், உன்கூடப் படிச்சானே, அவனேதான்... யாரும் பத்த வெக்கலை. மின்னலும் இல்ல. மழை பெஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கொட்டற மழையில நின்னு எரிஞ்சுது. நாங்க அங்கேருந்துதான் வர்றோம்... உயிருக்கு ஒண்ணும் இல்ல. கையும் முகமும் வெந்து போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க.

புல்லுதான் காரணம். தானா... ஆமா, தானாத்தான். ஈரத்தோட கட்டி அடுக்கினா, உள்ளுக்குள்ளயே வேக ஆரம்பிச்சிடும். வாரக்கணக்கா வேகும், அதைத் தடுக்கத்தான் சந்தும் உப்பும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது... நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உங்க ஊர்ல புல்லை அறுத்துப் போட்டா சாயங்காலத்துக்குள்ள அப்பளம் மாதிரி காஞ்சிடும். உன் புருஷன் பரம்பரையில ஒருத்தனும் ஈரப் புல்லைக் கண்ணால பார்த்திருக்க மாட்டான். நமக்கு அப்படியா? அப்பா தூக்கத்துலேருந்து எழுந்து போய்ப் புல்லுப் போரைத் தொட்டுப் பார்த்துட்டு வருவாரே... நீ அப்போ சின்னப் பொண்ணு. அவருக்குத் தூக்கம் வரலைன்னு அம்மா சொல்லுவா. தூக்கம் வராம இல்ல, பயம்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. கெத்தின் புல்லும் உன் வீட்டுப் புல்லும் ஒரே புல்லு. ஆத்தங்கரையில, அவன் பக்கமும் என் பக்கமும் ஒரே மெஷினை விட்டு ஒண்ணா அறுத்தோம்... தெரியும். ஈரம் இருந்தது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் வெயில் வரட்டும் மாப்ளன்னு பார்னிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவன் தினமும் போன் பண்ணி, மாடு மண்ணை நக்குது மச்சான், மண்ணை நக்குதுன்னு... இங்க மலை மேல மேகம் கட்டி நிக்குது. கட்டி அனுப்பிட்டேன்... ஆமா. நான்தான் அனுப்பினேன். யார் தப்புன்னு அப்புறமா சண்டை போட்டுக்கலாம்.

அந்த இரும்புக் கம்பி எங்க?... லாரியில புல்லோட ஒரு நீளக் கம்பி அனுப்பினேனே, அப்பாவோட கம்பி. அதைப் போருக்குள்ள சொருகி வெச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு உருவிப் பிடிச்சுப் பார்க்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பிடிக்க முடியாத சூடா இருந்தா... எங்க?... கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கா?

ஆல்வென், கேட்டியா. கோழிக்கூட்டுக்கு முட்டாம்.

சரி, சரி. அழாதே. இன்னும் ஒண்ணும் ஆகலை. கொட்டகைப் பக்கம் ஏதாவது வாசனை வருதா?... கருகற வாசனை இல்ல. நல்ல வாசனையா இருக்கும். இனிப்பா, பாகு காய்ச்சின மாதிரி...

...எப்பலேருந்து?

அப்பாவோட பைப்புப் புகையிலை வாசனையா... ம்... சாயங்காலம் சாயங்காலம் அங்க போய் நின்னுட்டு வருவியா. அவரே வந்து நிக்கற மாதிரி... ம்... இல்ல புள்ள. இல்ல, தாயி. அது அப்பா இல்ல. அந்தப் புல்லு வேகற வாசனை அது.

வேற என்ன பார்த்தே?... காலையிலயா? கூரை மேலயா? வேற எங்கயும் பனி இல்ல, கொட்டகைக் கூரை மேல மட்டும்... மழை வரப் போகுதுன்னு நினைச்சுட்டியா. அது பனி இல்ல, நெஸ்டா. ஆவி... குருவி? உள்ள கூடு கட்டியிருந்த குருவிங்களா? எல்லாமா போயிடுச்சு?... கோடை சீக்கிரம் முடியுதுன்னு பார்னி சொன்னானா. ம்.

பார்னி இப்ப எங்க இருக்கான்?... தெரியலைன்னு சொல்லாதே, ஜன்னல்ல எட்டிப் பாரு... பார்த்துட்டுச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்.

கொட்டகையிலயா?

உள்ள எங்க?... மேலயா. போர் மேலயா?

எதுக்கு ஏறினான்?... பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் கொஞ்சம் கட்டு குடுக்கவா... ம். நெஸ்டா, நான் சொல்றதை அப்படியே செய். அவனைப் பார்த்துக் கத்தாதே, பதறிப் போவான். மெதுவா இறங்கி வரச் சொல்லு. ஓரமாவே வரணும், நடுவுல கால் வெக்கக் கூடாது. மேல பார்த்தா புல்லு மாதிரிதான் இருக்கும், உள்ள வெந்து கரியாகிப் பொந்து விழுந்திருக்கும். கால் வெச்சா ஆளையே உள்ள இழுத்துடும். கட்டு எதையும் உருவ வேணாம். கெத்தின் ஒரே ஒரு கட்டைத்தான் உருவினான். அந்த ஓட்டை வழியா காத்து உள்ள போச்சு, குப்புன்னு மூஞ்சியில வந்துச்சுன்னு சொன்னான்... ஆமா, காத்துதான். காத்து பட்டாப் பத்திக்கும்... நீ உள்ள போகாதே. கேக்குதா? வாசல்ல நின்னே கூப்பிடு. போனை வெக்காதே, மேஜை மேல அப்படியே போட்டுட்டுப் போ. போ.

...

போயிட்டா, ஆல்வென். கதவு சத்தம் கேட்டுச்சு... நாய் குரைக்குது, கேக்குதா உனக்கு?... கிட்ட வா, காதை வெச்சுக் கேளு... அது ஆள் பேசற சத்தம் இல்ல, ரேடியோ. அடுப்பங்கரையில ரேடியோவை அணைக்காமப் போயிருக்கா... நாளைக்குக் கிழக்கெல்லாம் வறண்ட காத்து வீசுமாம். மேற்கே மழையாம்... ம்... ஏன் இவ்வளவு நேரம்? வாசல்லேருந்து கொட்டகை எத்தனை தூரம்? ஒரு கல்லெறியற தூரம் கூட இல்ல... அதான், அதைத்தான் நானும் நினைச்சேன். வீட்டுக் கூரையும் கோரைப்புல்லுதான். வேணாம், அதைச் சொல்லாதே.

ஹலோ... யாரு, நெஸ்டாவா?... மாப்ள, நீயா... அப்பாடா. இறங்கிட்டானாம் ஆல்வென், இறங்கிட்டான்... ஆமா, நான்தான் இறங்கச் சொன்னேன். சிரி, நல்லா சிரி. வேல்ஸ்காரன் பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கறேன், உனக்கு ஒரு பீர் வாங்கித் தர்றேன். கையை உள்ள விட்டுப் பார்த்தியா?... முழங்கை வரைக்குமா? எப்படி இருந்துச்சு?... இளஞ்சூடுன்னா? முழங்கை ஆழத்துலயே இளஞ்சூடுன்னா நடுவுல என்ன இருக்கும்னு யோசிச்சியா... தெரியும், தெரியும், உன் கொட்டகை உனக்குத் தெரியும். புல்லு என்னுது, மாப்ள. எனக்கு அதைத் தெரியும். தீயணைப்புக்குப் போன் பண்ணு. சும்மா வந்து பார்த்துட்டுப் போகட்டும், ஊர்ல கேலி பண்ணா பண்ணட்டும்...

என்ன?... காத்தாட விட்டியா. எதைக் காத்தாட விட்டே?

வாசனை தூக்கலா இருக்கேன்னு... ரெண்டு பக்கத்துக் கதவையும் தெறந்து... நடுவுல வழி எடுத்து... மாப்ள, எத்தனை கட்டு உருவினே? ஒரு பத்தா?... எண்ணலையா. எப்போ உருவினே?

டீக்கு அப்புறமா.

சரி. சரி, இப்ப ரெண்டு பேரும் வீட்டை விட்டு வெளிய வாங்க. ரோட்டுப் பக்கம் போங்க. ஒண்ணையும் எடுக்க வேணாம், நாயை மட்டும் கூப்பிட்டுக்கோ. நெஸ்டாகிட்ட குடு... ஏன், பக்கத்துல இல்லையா? எங்க போனா?

கதவை மூடவா? எந்தக் கதவை?

கொட்டகைக் கதவையா... நான் சொன்னேனா? நான் எப்போ சொன்னேன்? காத்து பட்டாப் பத்திக்கும்னு சொன்னேன், அவளை மூடச் சொல்லலை. உள்ள போகாதேன்னுதான் சொன்னேன்... உள்பக்கத் தாழ்ப்பாளா? அந்தப் பின்பக்கக் கதவு உள்ளேருந்துதான் மூடணுமா?... மாப்ள, போனைப் போட்டுட்டு ஓடு. அவளை இழுத்துட்டு வா. ஓடு...

ஹலோ... என்ன சத்தம் அது?... மாப்ள, இருக்கியா? என்ன சத்தம்?... நாய் ஏன் குரைக்கலை?... ஹலோ... நெஸ்டா... ஹலோ...

ஆல்வென், லைன் செத்துப் போச்சு. இல்ல, மணியே அடிக்கலை, ஒண்ணுமே இல்ல. தள்ளு, நான் போடறேன்.

...

ஹலோ... தீயணைப்பு வேணுங்க. சீக்கிரம்... எம்ரிஸ். கொட்டகை முழுக்கப் புல்லு அடுக்கியிருக்கு, ஒட்டினாப்புல கூரை வீடு... இல்லம்மா, இங்க இல்ல. இங்க மழை கொட்டுது... சஃபோக், கிழக்குல. என் தங்கச்சி வீடு. விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க... கண்ணால பார்க்கலை. பேசிட்டு இருக்கும்போதே லைன் போச்சு, அந்தக் கம்பி கொட்டகை முகட்டு மேலதான் போகுது... ரெண்டு பேர். என் தங்கச்சி உள்ள இருக்கா... தண்ணியா?... இல்லம்மா, குளம் காஞ்சு போச்சு. கிணறும் காஞ்சு போச்சு. தண்ணியை நீங்கதான் கொண்டு போகணும்.