ரெண்டு மனுவும் ஒத்துப்போன இடம்

— பிரிண்டரைத் தட்டாதீங்கண்ணே. தட்டினா அதுக்குக் கோவம் வந்துரும். அப்புறம் பேப்பரைக் கவ்விக்கிட்டு விடவே விடாது.

— கூடப்பிறந்தவ கடையில எனக்கு இந்த மரியாதை. சரிம்மா, தட்டலை. புது மாவட்டம் உண்டுன்னு அரசாணையோட முதல் பக்கம் வந்தாச்சு. தலைமையிடம் எந்த ஊருன்னு ரெண்டாம் பக்கம்தான் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?

— எதுக்கு மச்சான் பதர்றீங்க? நியாயமா பார்த்தா எங்க கரை ஊருதான். உங்க மேட்டு ஊருக்கு ஏறி வர்றதுக்குள்ள ஆபீஸருக்கு நாக்கு தள்ளிரும்.

— மாப்ளே, மழை பெஞ்சா உங்க ஊர்ல முழங்கால் தண்ணி. ஃபைலை எல்லாம் கிழிச்சுக் கப்பல் விடலாம்.

— வருஷத்துல நாலு நாள் தண்ணி நிக்கும். உங்களுக்குக் குடிக்கவே வர்றதில்லையே.

— ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. ஏங்க, எதிர்த்தாப்ல பூட்டிக் கிடந்த குடோனுக்குக் காலைலருந்து வெள்ளையடிக்கிறாங்களே, யாருன்னு தெரியுமா?

— எவனாவது சிமெண்ட் கடை வைக்கப் போறான். இப்ப அதுவா முக்கியம்? கரை ஊர்ப் போராட்டக் குழுச் செயலாளர் நான், பேனர் வரைக்கும் அடிச்சு வச்சிருக்கேன்.

— மேட்டு ஊர்க் குழுத் தலைவர் நான். நானும்தான் அடிச்சிருக்கேன். உன்னுதை விட நாலடி நீளம்.

— நல்லா இருக்கு. புருஷன் ஒரு ஊருக்குச் செயலாளர், அண்ணன் இன்னொரு ஊருக்குத் தலைவர். கல்யாணம் ஆனப்ப எந்த ஊர்ல குடி வைக்கிறதுன்னு நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டினதுல, நடுவுல, ரெண்டு ஊர் ரோடும் சேர்ற இந்தக் கூட்டுரோட்டுல வந்து உட்கார்ந்தேன். இப்ப ரெண்டு குழுவுக்கும் மனு அடிக்கிறவளும் நானே.

— சுத்துவட்டாரத்துல வேற டைப்பிங் கடை இருந்தா அங்க போயிருப்போம்ல.

— எந்த ஊரு ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான். ஒரு கையெழுத்துக்கு ரெண்டு பஸ் மாறி மூணு மணி நேரம் போகாம இருந்தா போதும்.

— ஆபீஸ் வந்தா மட்டும் போதுமா? முடிவெடுக்கிற ஆளும் வரணும். நியாயமா பார்த்தா, தெருவிளக்கு மாத்தறதை அந்தத் தெருவுல நடக்கிறவன்தானே முடிவு பண்ணணும்? இப்ப மேல எழுதிக் கேட்டு, அவங்க இன்னும் மேல எழுதிக் கேட்டு, பதில் வர்றப்ப விளக்குக் கம்பமே சாஞ்சு கிடக்கு.

— அதிகாரத்தை உள்ளூர் ஆள் கையில குடுத்தா உள்ளூர்ச் சண்டையும் சேர்ந்தே வரும் மாப்ளே. தன் வீட்டு வாசல்ல மூணு விளக்கு போட்டுக்குவான்.

— போட்டா, போய் அவன் கதவைத் தட்டிச் சட்டையைப் பிடிக்கலாம்ல? மூணு மணி நேரத்துக்கு அப்பால இருக்கிறவன் கதவை எப்படித் தட்டுவீங்க?

— அது வாஸ்தவம். நீ சொன்னதுல இது ஒண்ணுதான் உருப்படி.

— நான் ஆறு தடவை போய்த் தட்டினேண்ணே. பாப்பா பிறந்த சர்டிபிகேட்டுக்கு. அஞ்சு வயசாச்சு அவளுக்கு. இன்னமும் பிறந்த இடம்கிற கட்டத்துல ஒரு கோடு மட்டும்தான் இருக்கு. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். கோடு போட்ட சர்டிபிகேட்டு செல்லாதுன்னுட்டாங்க.

— அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? ஆஸ்பத்திரி போற வழியில, இந்தக் கூட்டுரோட்டைத் தாண்டறதுக்குள்ள பஸ்ஸுலயே பிறந்துட்டா. பஸ்ஸு பின்சக்கரம் எங்க ஊர் ரோட்டுல இருந்துச்சு. அதான் சாட்சி சொன்னப்ப மேட்டு ஊருன்னு எழுதிக் குடுத்தேன்.

— முன்சக்கரம் எங்க ரோட்டுல. கண்டக்டர் எல்லாரையும் இறக்கி விட்டதும் எங்க பக்கத்துப் படியிலதான். பெத்த அப்பன் நான் கரை ஊருன்னு எழுதாம வேற என்ன எழுதுவேன்?

— பார்த்தீங்களா. ரெண்டு பேரும் ஒரே வாக்கா எழுதிக் குடுத்தாத்தான் போடுவேன்னு கிளார்க்கு சொல்லிட்டாரு. அஞ்சு வருஷமா கேக்கறேன், காது குடுக்க ஆளில்லை. அழுகையா வரும் எனக்கு, அந்தக் கோட்டைப் பார்க்கறப்ப. இந்தாங்க, ரெண்டாம் பக்கம் வருது.

— படி, படி. கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன்.

— "இரு ஊர்ப் போராட்டக் குழுக்களின் மனுக்களும் பரிசீலிக்கப்பட்டன. எல்லாவற்றிலும் முரண்படும் அவ்விரு மனுக்களும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உடன்படுகின்றன."

— நாங்களா? உடன்பட்டோமா? எதுல?

— "மேட்டு ஊர் மனு, ஒன்பதாம் பத்தி: கரை ஊருக்குக் கொடுப்பதைவிட, நாலு கடையும் ஒரு பஸ் நிறுத்தமும் உள்ள கூட்டுரோட்டுக்கே கொடுத்துவிடலாம்."

— மச்சான், இப்படியா எழுதினீங்க? அநியாயம்.

— இருங்க, முடியலை. "கரை ஊர் மனு, பதினோராம் பத்தி: மேட்டு ஊரைவிடக் கூட்டுரோடு ஆயிரம் மடங்கு மேல்."

— மாப்ளே.

— சும்மா ஒரு நக்கலுக்கு மச்சான்.

— "ஆகவே, இரு தரப்பும் மனமுவந்து ஏற்றுக்கொண்ட கூட்டுரோடே புதிய மாவட்டத்தின் தலைமையிடமாக அறிவிக்கப்படுகிறது."

— மனமுவந்தா? எப்ப உவந்தோம்?

— என்னம்மா அடிச்சு வச்சிருக்கே? ஒரு மனுஷன் நம்பிக் கையெழுத்துப் போட்டா இப்படியா?

— நீங்க சொல்லச் சொல்ல அடிச்சதுதாண்ணே. அவரும் அப்படித்தான் சொன்னாரு, நீங்க வந்து போன மறுநாள். மத்த வசவை எல்லாம் அரசாங்கத்துக்கு அனுப்ப முடியாதுன்னு எடுத்துட்டேன். இது ஒண்ணுதான் மரியாதையா இருந்துச்சு. விட்டுட்டேன்.

— சிரிக்காதே மாப்ளே.

— நீங்கதான் மச்சான் முதல்ல சிரிச்சீங்க.

— பதினெட்டடி பேனர்டா. அதை வச்சு இனி நான் என்ன பண்றது?

— குறுக்கால மடிச்சா வாசலுக்குப் பந்தல் ஆகும்ணே. மூணாம் பக்கமும் வந்துருச்சு. கட்டடம் கட்டி முடியற வரைக்கும் எதிர்த்த குடோன்லயே ஆபீஸாம். மனு வாங்கறது இன்னைலருந்தே.

— சிமெண்ட் கடைன்னியே மாப்ளே.

— விடுங்க மச்சான். நியாயமா பார்த்தா, இதை எதிர்த்து ஒரு மனு போடணும். உங்க ஊரும் எங்க ஊரும் சேர்ந்து.

— சேர்ந்தா? நீயும் நானும் ஒரே பேப்பர்லயா?

— வேற வழி? ஒத்துப்போனோம்னு சொல்லிட்டாங்க. ஒத்துப்போகலைன்னு ஒத்துமையா சொல்லுவோம்.

— சரிதான். அடிம்மா. சூடா இருக்கணும். வசவைத் தவிர எல்லாம் இருக்கணும்.

— ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கேன். நாலே வரி. அப்பா கையெழுத்து... அதாவது, நீங்க இங்க போடுங்க. அண்ணே, நீங்க அவருக்குப் பக்கத்துல.

— பேனா குடுங்க மச்சான். என் பேரு மேல இருக்கட்டும்.

— மேல போடு, கீழ போடு, என் கையெழுத்துதான் பெருசு. இந்தா.

— படிச்சுப் பார்க்கலையா ரெண்டு பேரும்?

— நீ அடிச்சா அதுல என்ன தப்பு இருக்கப்போகுது?

— அப்ப நானே படிக்கிறேன். "குழந்தையின் தகப்பனும் தாய்மாமனும் ஒரே வாக்காகச் சொல்வது: எங்கள் பெண் பிறந்த இடம், கூட்டுரோடு." கடையைப் பார்த்துக்கங்க, எதிர்த்தாப்ல நடந்து போய்க் குடுத்துட்டு வந்துர்றேன்.