ரொட்டிப் பலகை

— பேப்பரைச் சுருட்டிப் பையில வச்சா எப்படி கோதண்டம் அண்ணாச்சி? கையெழுத்தைப் போட்டுத் தந்துட்டுப் போங்க.

— இருங்க சிஸ்டர். இப்பத்தான் கூரை மேலேர்ந்து எறங்கறேன். கொஞ்சம் தண்ணி குடுங்க.

— தண்ணி என்ன, காப்பியே போட்டுத் தாரேன். பன்னெண்டு நாளா பிரசவ வார்டைப் பூட்டிப் போட்டுட்டு, பெத்தவளுவள வராந்தால படுக்க வச்சிருக்கேன். ஆறு பொம்பள, ஆறு பிள்ள. நேத்து அடிச்ச சாரல்ல பாய் பூரா நனைஞ்சு போச்சு.

— பாத்துகினுதான் வந்தேன்.

— கடைசில படுத்திருக்காளே, சேரப்பணஞ்சேரி சரோஜா, அவளுக்கு எட்டாம் மாசத்துப் பிள்ள. ஒன்றரைக் கிலோ தேறாது. காலைல தொட்டுப் பாத்தா உள்ளங்கால் நீலம் பாரிச்சுக் கெடக்கு. என் சீலையக் கிழிச்சுச் சுத்தி வச்சிருக்கேன். அதுக்கு நாலு சுவரும் ஒரு கதவும் வேணும் அண்ணாச்சி. ‘ரிப்பேர் முடிஞ்சிட்டு, கூரை நல்லாருக்கு’ன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

— கையெழுத்துக்கு நாலு சொவரு நிக்கும். கூரை நிக்கணுமே.

— கூரைக்கு என்ன? போன வாரம் உங்க பி.டபிள்யூ.டி. ஆளுவ வந்து தார் ஊத்தி, மேல சிமெண்டு பூசிட்டுப் போனாவளே. நேத்து அவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. நானே விளக்குமாத்தோட நின்னு பாத்தேன்.

— அதான் சிஸ்டர் பேஜாரு. ஒழுவல.

— ஒழுகலன்னா பேஜாரா? நல்லா இருக்கே உங்க நியாயம்.

— ஒழுவினவரைக்கும் தண்ணி கீழ வந்துகினு இருந்துது. இப்ப நாம வழிய அடைச்சுட்டோம். எங்க போவும்? பலகைக்குள்ளியே குந்திகினு கீது.

— எனக்கு இந்தக் கட்டட வேலையெல்லாம் மனசிலாகாது. கான்கிரீட்டுதானே? அது தண்ணிக்கு என்ன செய்யும்?

— கான்கிரீட்டுன்னு பேரு. எழுவத்தொண்ணுல இந்த வார்டு கட்டச் சொல்லோ நான் மேஸ்திரி. லாரில பலகை பலகையா வந்து எறங்குச்சு. இம்மாம் பெரிய பலகைய நாலே ஆளு அலேக்கா தூக்கினான். எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. ஒண்ணு ஒடைஞ்சுது, பாத்தா உள்ள ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையா கீது. அன்னிலேர்ந்து ரொட்டிப் பலகைன்னே சொல்லுவோம். வெயிலு எறங்காது, சொவத்துக்குப் பாரம் இல்ல, ஒரே வாரத்துல கூரை ஆயிப்போச்சு. தண்ணில ஊறின ரொட்டி இன்னா ஆவும், நீங்களே சொல்லுங்க.

— கூழாப் போவும்.

— உள்ள கீற கம்பியும் துருப்புடிச்சுப் பூடும். நனையவே கூடாத சாமான் சிஸ்டர் அது. ரெண்டாவது மழைக்கே ஒழுவிடுச்சு.

— அதுக்குத்தான் பதினாலு வருசமா நீங்க வந்து வந்து பாக்கியளே.

— பாத்தேன். எழுவத்திமூணுல ஒழுவுதுன்னாங்க, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாலு அங்குலத்துக்குத் தளம் போட்டேன். எழுவத்தாறுல மறுபடி ஒழுவிச்சு, அதும்மேல ஓடு பதிச்சேன். எம்பதுல தாரு. எம்பத்திரெண்டுல சிமெண்டு. போன வாரம் இன்னொரு தாரு, இன்னொரு சிமெண்டு. எத்தையாவது பேத்து எடுத்தமா? இல்ல. மேல மேல அப்பினோம். நாலு ஆளு தூக்கின பலகை தலையில இன்னிக்கு லாரி லோடு ஏத்தி வெச்சிகிறேன். கூரைய அழுத்தறது மழை இல்ல, என் கரண்டி.

— தெரிஞ்சேதானா செஞ்சிய?

— மொதல்ல தெரியாம. அப்பறம் தெரிஞ்சு. கூரைய மாத்தணும்னு எழுதினா சாங்ஷன் ஆவாது. ரிப்பேருன்னு எழுதினா ஆவும். ஏழு லெட்டர் போட்டேன். ‘கண்காணிப்பில் வைக்கவும்’னு பதிலு. வெச்சேன். பதினாலு வருசமா அண்ணாந்து பாத்துகினே கீறேன். கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்.

— உங்க கஷ்டம் உங்களுக்கு. என் கஷ்டத்தையும் கேளுங்க. போன செவ்வாய்க்கிழம வல்லக்கோட்டைலயிருந்து பாஞ்சாலின்னு ஒருத்தி வலியோட வந்தா. வராந்தால கால் வைக்க இடமில்ல. காஞ்சிபுரத்துக்குப் போன்னு நாந்தான் பஸ் ஏத்தி விட்டேன். வாலாஜாபாத் தாண்டல அண்ணாச்சி. பஸ்ஸுக்குள்ளயே பெத்துட்டா. பிள்ள தங்கல.

— அடப்பாவமே.

— அவ மாமியா வந்து என் மொகத்துக்கு நேர கேட்டா. ‘அவ்ளோ பெரிய ரூமைப் பூட்டி உள்ள இன்னாம்மா வெச்சிகினு கீற?’ நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க. என்ன சொல்லட்டும்?

— பூட்டத் தொறங்க. நானே காட்டறேன்.

— இந்தாங்க சாவி.

— நீங்க உள்ள வராதீங்க. வாசப்படியிலயே நில்லுங்க. அதோ, மூணாவது பலகை. நடுவுல வயிறு மாதிரி தொங்குது, தெரியுதா?

— ஆமா. வெள்ளையடிச்சு வச்சிருந்ததுல இத்தனை நாளு கண்ணுல படல.

— இந்த மொனையப் பாருங்க. சொவத்து மேல ஒக்கார்ற எடம். ஸ்குரூடிரைவரால ஒரு குத்து குத்தறேன்.

— ஏசுவே! கைப்பிடி வரைக்கும் போயிட்டே!

— அழுத்தக்கூட இல்ல. பலகை சொவத்து மேல நாலு விரலாவது ஏறி ஒக்காரணும். இங்க எவ்ளோ கீது, நீங்களே சொல்லுங்க.

— ரெண்டு விரக்கடை இருக்கும்.

— அதுல ஒரு வெரலு ஊறிப்பூட்டுது. மிச்சம் ஒரு வெரலு. கீழ முட்டுக் குடுத்துகிறேனே, இந்த நாலு சவுக்குக் கட்டை, இதுதான் மொத்தத்தையும் தாங்கிகினு கீது. ரிப்பேர் முடிஞ்சுது, முட்டுக் கட்டைய எடுத்துட்டு கட்டிலு போடலாம்னு அந்தப் பேப்பர்ல எழுதிகிறாங்க.

— வெளிய வாங்க. அண்ணாச்சி, சொல்லுதேன்ல, மொதல்ல வெளிய வாங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன்.

— இதுக்குள்ளயா அந்த நீலம் பாரிச்ச பிள்ளயக் கொண்டு போடணும்னு விடிஞ்சதுலயிருந்து உங்ககிட்ட மல்லுக்கு நிக்கேன்?

— உங்களுக்கு இன்னா தெரியும்? உங்க மேல தப்பு இல்ல.

— கையெழுத்து வேண்டாம். போடாதிய. செத்தாலும் போடாதிய.

— நான் போடல சிஸ்டர். நான் போடலன்னா நின்னுடுமா? பத்து மணிக்கு ஆபீசரு வர்றாரு. எனுக்கு பதிலா எல்லப்பனைப் போடச் சொல்வாரு. அவன் டெம்ப்ரவரி ஆளு, வூட்ல மூணு புள்ளைங்க. மாட்டேன்னு எப்டி சொல்லுவான்? மத்தியானம் முட்டு எடுத்துடுவாங்க. சாயங்காலம் உங்க ஆறு பொம்பளைங்களும் உள்ள.

— நான் விடமாட்டேன்.

— உங்களை வேற எங்கியாச்சும் மாத்திடுவாங்க. வர்ற புது சிஸ்டரு, பாவம், உங்கள மாதிரியே சந்தோசமா கதவத் தொறப்பாங்க.

— பள்ளிக்கூடத்துல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. ஹெட்மாஸ்டர்கிட்ட தெனமும் போய் நிக்கேன். ‘கலெக்டர் ஆர்டர் கொண்டாங்கம்மா, உங்க வார்டுல ரிப்பேர்தானே பாக்கறாங்க, இடிஞ்சா விழுந்துடுச்சு?’ன்னு கேக்காரு.

— கரெக்டா கேட்டாரு. ரிப்பேர்னா எவனும் வர மாட்டான். இடிஞ்சு வுழுந்தா ஒரு மணி நேரத்துல கலெக்டரு ஜீப்பு வந்து நிக்கும். ஸ்கூலு ரூமைத் தொறந்து வுடுவான். புதுக் கூரைக்கு சாங்ஷன் ஆவும். எல்லாம் ஆவும். ஆனா அதுக்கு மொதல்ல நாலு பேரு சாவணும்னு ஒரு வழக்கம் வெச்சிகிறாங்க.

— வாய் வைக்காதிய அண்ணாச்சி.

— இருங்க சிஸ்டர். கொஞ்சம் யோசிக்க வுடுங்க.

— என்ன, அப்படியே அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிய? காப்பி ஆறுது.

— ஞானரத்தினம் சிஸ்டர், உள்ள கட்டிலு கிட்டிலு ஏதாச்சும் கீதா?

— இல்ல. எல்லாத்தையும் வராந்தாவுக்கு இழுத்தாச்சு.

— மருந்து, ஊசி?

— அது எல்லாம் அந்தக் கடைசி ஓட்டு ரூம்ல. ஏன் கேக்கிய?

— வாட்ச்மேன் சுப்பன் எங்க?

— டீ குடிக்க பஸ் ஸ்டாப்புக்குப் போனாரு. இப்ப வர மாட்டாரு, பேப்பர் படிச்சிட்டுத்தான் வருவாரு.

— வெயிலு நல்லா அடிக்குது பாருங்க. பொம்பளைங்க எல்லாரையும் அந்த வேப்ப மரத்துக்கு அந்தாண்ட இட்டுகினு போய் குந்த வைங்க. சரோஜா கொயந்தைக்கும் வெயிலு பட்டா நல்லது. ஒருத்தர்கூட வராந்தால இருக்கக்கூடாது. எண்ணிப் பாத்துக்கோங்க.

— பன்னெண்டு உசுரு. எண்ணிக்கிடுதேன். ஆனா எதுக்கு?

— உங்க கெணத்துக் கயிறு எவ்ளோ நீளம்?

— இருபத்தஞ்சு முழம் இருக்கும். வாளிக்குக் கட்டுறது.

— முட்டுக் கட்டைல கட்டி ஜன்னலு வழியா வெளிய வுட்டா முனை வேலிக்கு அப்பால வரும், அங்க நின்னு இழுத்துடலாம். போதும்.

— அண்ணாச்சி, இன்னும் நாலு மாசத்துல ரிட்டையர் ஆகப்போற மனுசன் நீங்க. யாராச்சும் கேட்டா என்ன செய்விய?

— பதினாலு வருசமா அதும்மேல ஏத்தினதை எவன் கேட்டான்? ஒரு வாட்டி எறக்கறேன், கேக்கட்டும். நீங்க ரிஜிஸ்டரை எடுங்க.

— நான் என்ன எழுத?

— ‘இன்று காலை எட்டு மணிக்கு வார்டு கூரை தானாக இடிந்து விழுந்தது, யாருக்கும் அடி இல்லை’ன்னு எழுதுங்க. இப்ப மணி ஏழே முக்கால்.